நெறிக்கட்டி புற்றுநோய்க்கு வைட்டமின் 'டி' மருந்தா? பாக்கெட் வாங்கும் முன் படிங்க!

சென்னை:

கழுத்தில் ஒரு கட்டி. வலி இல்லை. 'சளி கட்டி இருக்கும், தானா கரைஞ்சிடும்' என்று 2 மாதம் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு போனால் சதையை எடுத்து சோதனை செய்து, 'லிம்போமா' என்று எழுதி கொடுக்கிறார்கள். குடும்பமே ஆடிப்போகிறது.

அடுத்த நாளே ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்து விடுவார்கள். ஒருவர் முள்சீதா பழம் என்பார். இன்னொருவர் கோதுமைப்புல் சாறு என்பார். சமீப காலமாக இந்த பட்டியலில் முன்னால் வந்து நிற்பது வைட்டமின் 'டி'.

'உடம்புல வைட்டமின் டி கம்மியா இருந்தாத்தான் இந்த கேன்சர் வருதாம். மெடிக்கல்ல பாக்கெட்டா விக்குது. பால்ல கலந்து குடிச்சா போதும்' என்று செல்போனில் தகவல் வருகிறது. வீட்டில் இருப்பவர்களும் மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள்.

இதில் உண்மை எவ்வளவு? உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்த கொஞ்ச உண்மையை வைத்துக்கொண்டு டாக்டரை கேட்காமல் பாக்கெட் பாக்கெட்டாக குடித்தால், இந்த நோயாளிகளில் சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

லிம்போமா என்றால் என்ன?

நம் உடம்பில் ரத்தம் ஓடுவது போலவே நிணநீர் என்ற திரவமும் ஓடுகிறது. அது போகும் வழியில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வயிறு, நெஞ்சு என்று பல இடங்களில் சின்ன சின்ன முடிச்சுகள் உண்டு. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது அல்லவா? அந்த நெறிதான் இந்த முடிச்சு.

கிருமிகளோடு சண்டை போடும் 'லிம்போசைட்' என்ற வெள்ளை அணுக்கள் இந்த முடிச்சுகளில்தான் முகாம் போட்டிருக்கும். அந்த அணுக்களில் ஒன்று கெட்டுப்போய் கட்டுப்பாடு இல்லாமல் பெருகினால் அதுதான் லிம்போமா. தமிழில் நிணநீர் புற்றுநோய் என்கிறார்கள்.

லண்டன் டாக்டர் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-ம் ஆண்டு இந்த நோயை முதலில் விவரித்து எழுதினார். அதனால் ஒரு வகைக்கு 'ஹாட்ஜ்கின் லிம்போமா' என்று பெயர். மற்ற எல்லாவற்றையும் சேர்த்து 'நான் ஹாட்ஜ்கின்' என்கிறார்கள். இதில் மட்டும் பல டஜன் வகைகள் இருக்கின்றன.

சில வகை வேகமாக வளரும். உடனே வைத்தியம் பார்க்க வேண்டும். சில வகை ஆமை வேகத்தில் போகும். 'இப்போதைக்கு மருந்து வேண்டாம், கவனித்து வருவோம்' என்று டாக்டர்களே சொல்வது உண்டு.

மைக்ரோசாப்ட் கம்பெனியை பில்கேட்சுடன் சேர்ந்து தொடங்கிய பால் ஆலனுக்கு 1980-களில் ஹாட்ஜ்கின் வகை வந்து குணமானது. பல வருடம் கழித்து நான் ஹாட்ஜ்கின் வகை வந்தது. அதன் பாதிப்பால் 2018-ம் ஆண்டு அக்டோபரில் இறந்தார்.

அதே நேரத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புற்றுநோய்களிலேயே முழுசாக குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம் உள்ளவற்றில் லிம்போமாவும் ஒன்று. குறிப்பாக ஹாட்ஜ்கின் வகையில் பெரும்பாலானவர்கள் பிழைத்து, கல்யாணம், குழந்தை குட்டி என்று வாழ்கிறார்கள். எனவே பெயரை கேட்டதும் நம்பிக்கையை விடத்தேவையில்லை.

நம்ம ஊரில் கழுத்து நெறிக்கு இன்னொரு முக்கிய காரணம் காசநோய். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். சதை எடுத்து சோதித்தால்தான் உறுதியாக தெரியும்.

வைட்டமினா, ஹார்மோனா?

வைட்டமின் 'டி'யை பெயருக்குத்தான் வைட்டமின் என்கிறோம். மற்ற வைட்டமின்கள் சாப்பாட்டில் இருந்து வர வேண்டும். இதை நம் உடம்பே தயாரித்துக்கொள்ளும்.

வெயிலில் உள்ள புற ஊதா 'பி' கதிர் தோலில் பட்டதும், தோலுக்குள் இருக்கும் ஒரு கொழுப்பு பொருள் வைட்டமின் 'டி'யாக மாறுகிறது. அது ரத்தத்தில் கலந்து முதலில் கல்லீரலுக்கு போகிறது. அங்கே ஒரு மாற்றம். பிறகு சிறுநீரகத்துக்கு போகிறது. அங்கே இன்னொரு மாற்றம். அதற்கு பிறகுதான் வேலை செய்யும் சரக்காக வெளியே வருகிறது.

சாப்பாட்டில் உள்ள கால்சியத்தை குடலில் இருந்து உறிஞ்சி எலும்புக்கு கொண்டு சேர்க்க இது கட்டாயம் வேண்டும். இது குறைந்தால் குழந்தைகளுக்கு கால் வளையும். பெரியவர்களுக்கு எலும்பு வலிக்கும், தேயும், உடையும்.

இதோடு கதை முடியவில்லை. நோய் எதிர்ப்பு அணுக்களிலும் இந்த வைட்டமினை பிடித்துக்கொள்ளும் 'கொக்கி'கள் இருப்பதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். லிம்போசைட் அணுவிலும் அந்த கொக்கி உண்டு. அங்கிருந்துதான் லிம்போமாவுக்கும் வைட்டமின் 'டி'க்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி கிளம்பியது.

கேள்வியை கிளப்பிய 2010-ம் ஆண்டு ஆய்வு

அமெரிக்காவில் மேயோ கிளினிக் மற்றும் அயோவா பல்கலைக்கழக டாக்டர்கள், புதிதாக நான் ஹாட்ஜ்கின் லிம்போமா வந்த 983 பேரின் ரத்தத்தை சோதித்தார்கள். 2010-ம் ஆண்டு முடிவு வெளியானது. 44 சதவீதம் பேருக்கு வைட்டமின் 'டி' போதவில்லை.

பிறகு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தொடர்ந்து கவனித்தார்கள். வேகமாக வளரும் 'பெரிய பி செல்' வகை லிம்போமா உள்ளவர்களில், வைட்டமின் குறைவாக இருந்தவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களை விட சுமார் 2 மடங்கு இருந்தது. 'டி செல்' லிம்போமாவிலும் குறைவாக இருந்தவர்களின் நிலைமை மோசமாகவே இருந்தது.

ஜெர்மனியில் கிடைத்த துப்பு

அடுத்து வந்தது ஜெர்மனி ஆய்வு. 61 முதல் 80 வயது வரை உள்ள லிம்போமா நோயாளிகளிடம் நடந்த பெரிய சிகிச்சை சோதனையில் சேமித்து வைத்த ரத்தத்தை எடுத்து பார்த்தார்கள். முடிவு 2014-ல் வெளியானது.

இந்த வகை நோய்க்கு 'ரிட்டுக்சிமாப்' என்ற ஊசி மருந்து முக்கியம். கீமோதெரபி மருந்துகளோடு சேர்த்து இதை டிரிப்சில் ஏற்றுவார்கள். இந்த மருந்து கெட்டுப்போன அணுவை தானே முழுசாக கொல்வது இல்லை. அதன் முதுகில் அடையாள சீட்டு ஒட்டுகிற மாதிரி போய் ஒட்டிக்கொள்ளும். அந்த சீட்டை பார்த்து நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் வந்து அடித்து தீர்க்கும்.

ரிட்டுக்சிமாப் ஏற்றியவர்களில் வைட்டமின் 'டி' மிக மிக குறைவாக, அதாவது 8 அல்லது அதற்கும் கீழே இருந்தவர்களில், 3 ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 59 சதவீதம். அதற்கு மேல் இருந்தவர்களில் 79 சதவீதம். உயிரோடு இருந்தவர்கள் என்று கணக்கு பார்த்தால் 70 சதவீதம், 82 சதவீதம்.

அதோடு, வைட்டமின் குறைபாடு இருந்த 7 பேருக்கு வைட்டமினை கொடுத்து சரிசெய்து அவர்களின் எதிர்ப்பு அணுக்களை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். 7 பேருக்குமே ரிட்டுக்சிமாப்புடன் சேர்ந்து கெட்ட அணுவை கொல்லும் திறன் கூடியது. சீட்டு ஒட்டினாலும் அடிக்க வரும் ஆளுக்கு தெம்பு வேண்டாமா? அந்த தெம்பை வைட்டமின் 'டி' கொடுக்கலாம் என்பதுதான் கிடைத்த துப்பு.

மற்ற வகைகளிலும் அதே கதை

மெதுவாக வளரும் 'பாலிக்குலர்' வகையில் அமெரிக்கா, பிரான்ஸ் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வந்தது. ஜெர்மனியில் ஹாட்ஜ்கின் நோயாளிகள் 351 பேரை சோதித்த முடிவு 2019-ல் வந்தது. அதில் கீமோதெரபி தொடங்கும் முன்பே பாதி பேருக்கு குறைபாடு இருந்தது.

இரண்டு ஆய்விலும் வைட்டமின் குறைவாக இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் அபாயமும், இறக்கும் அபாயமும் அதிகம் என்றே தெரிந்தது.

இதையெல்லாம் படித்தவர்கள் 'அப்ப பாக்கெட்டை வாங்கி குடிச்சிட வேண்டியதுதானே' என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள். செல்போனில் சுற்றும் தகவலுக்கு மூலம் இதுதான்.

கோழி முதலா? முட்டை முதலா?

இங்கேதான் ஒரு சிக்கல். குறைவாக இருந்தவர்களுக்கு நோய் முற்றியது என்பது சரி. ஆனால் வைட்டமின் குறைந்ததால் நோய் முற்றியதா? அல்லது நோய் முற்றியதால் வைட்டமின் குறைந்ததா?

யோசித்து பாருங்கள். நோய் முற்றியவர் வெளியே நடமாட மாட்டார். வீட்டுக்குள் கட்டிலிலேயே கிடப்பார். வெயில் படாது. பசி இருக்காது. எடை குறையும். வயதும் அதிகமாக இருக்கலாம். இப்படிப்பட்டவருக்கு வைட்டமின் 'டி' குறைவாகத்தான் இருக்கும்.

வீட்டில் புகை வந்தால் தீப்பிடித்து விட்டது என்று தெரிந்துகொள்கிறோம். புகையை மட்டும் விசிறி விரட்டிவிட்டால் தீ அணைந்து விடுமா? வைட்டமின் குறைவு தீயா, புகையா என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை காண ஒரே வழி, நோயாளிகளை குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு நிஜ வைட்டமின் மாத்திரையும் இன்னொரு பிரிவுக்கு அதே மாதிரி இருக்கும் டம்மி மாத்திரையும் கொடுத்து பார்ப்பது.

சோதனையில் என்ன தெரிந்தது?

அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரில் உள்ள வில்மாட் புற்றுநோய் நிலைய டாக்டர்கள் முன்நின்று அதை நடத்தினார்கள். மெதுவாக வளரும் லிம்போமா உள்ள சுமார் 200 பேர். எல்லோருக்கும் ரிட்டுக்சிமாப் ஊசி. கூடவே ஒரு பிரிவுக்கு தினமும் 2 ஆயிரம் யூனிட் வைட்டமின் 'டி'. இன்னொரு பிரிவுக்கு டம்மி மாத்திரை.

2023-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க ரத்தநோய் டாக்டர்கள் மாநாட்டில் முடிவை வெளியிட்டார்கள். வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கும் டம்மி சாப்பிட்டவர்களுக்கும் நோய் திரும்புவதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

புற்றுநோய் வராமல் தடுக்குமா என்பதையும் தனியாக சோதித்து இருக்கிறார்கள். அமெரிக்காவில் 25 ஆயிரத்து 871 பேரை வைத்து 'வைட்டல்' என்ற பெயரில் நடந்த பெரிய சோதனை அது. அதிலும் தினமும் 2 ஆயிரம் யூனிட்தான். 2018-ல் வெளியான முடிவுப்படி, வைட்டமின் சாப்பிட்டதால் புற்றுநோய் வருவது குறையவில்லை.

ஆக, லிம்போமாவை வைட்டமின் 'டி' குணப்படுத்தும் என்பதற்கோ, வராமல் தடுக்கும் என்பதற்கோ இன்று வரை ஆதாரம் இல்லை.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். ரோசெஸ்டர் சோதனை நடந்தது மெதுவாக வளரும் வகையில். ஜெர்மனியில் 8-க்கும் கீழே இருந்த முதியவர்களுக்கு வந்தது வேகமான வகை. அங்கே கடுமையான குறைபாட்டை சரிசெய்தால் பலன் உண்டா என்ற கேள்வி இன்னும் மூடப்படவில்லை.

அப்படியானால் வேண்டவே வேண்டாமா?

அப்படியும் இல்லை. லிம்போமா நோயாளிக்கு வைட்டமின் 'டி' வேறு ஒரு காரணத்துக்காக தேவை. எலும்பு!

வேகமான வகை லிம்போமாவுக்கு உலகம் பூராவும் 'ஆர்-சாப்' என்ற கூட்டு மருந்து கொடுக்கிறார்கள். வழக்கமாக 21 நாளுக்கு ஒரு முறை. இதில் 'பிரட்னிசோலோன்' என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் உண்டு. ஒவ்வொரு தடவையும் 5 நாளைக்கு, தினமும் 100 மில்லி கிராம் அளவுக்கு கொடுப்பார்கள். சாதாரண மூச்சிரைப்புக்கு கொடுப்பதை விட இது ரொம்ப அதிகம்.

ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும். ஏற்கனவே வைட்டமின் 'டி' குறைவாக இருந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். கேன்சரில் இருந்து தப்பித்தவர், பாத்ரூமில் லேசாக வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிடும் பரிதாபம் இப்படித்தான் நடக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களும், வயதானவர்களும் இதில் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அதனால்தான் பல டாக்டர்கள் சிகிச்சை தொடங்கும்போதே வைட்டமின் 'டி' அளவை பார்த்து, குறைவாக இருந்தால் மாத்திரை எழுதி தருகிறார்கள். அது எலும்பை காப்பாற்ற கொடுப்பது. கேன்சரை கொல்ல கொடுப்பது அல்ல.

ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது?

இனி சொல்லப்போவதுதான் ரொம்ப முக்கியம்.

ஆரோக்கியமான ஆளுக்கு சிறுநீரகம் ஒரு வாட்ச்மேன் மாதிரி. எவ்வளவு வைட்டமின் வந்தாலும் தேவையான அளவுக்கு மட்டும் வேலை செய்யும் சரக்காக மாற்றும். போதும் என்றால் கதவை சாத்திவிடும்.

லிம்போமா உள்ளவர்களில் சிலருக்கு இந்த மாற்றும் வேலையை கட்டியே செய்ய தொடங்கி விடுகிறது. கட்டிக்குள் இருக்கும் அணுக்களுக்கு வாட்ச்மேன் கிடையாது. வந்த வைட்டமினை எல்லாம் சரக்காக மாற்றி ரத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். அது குடலில் இருந்தும் எலும்பில் இருந்தும் கால்சியத்தை இழுத்து ரத்தத்தில் ஏற்றிவிடும்.

ரத்தத்தில் கால்சியம் சாதாரணமாக 8.5 முதல் 10.5 வரை இருக்க வேண்டும். அது எகிறினால் என்ன ஆகும்?

* தீராத தாகம், அடிக்கடி சிறுநீர்
* வாந்தி, பசி இல்லாமை
* கடுமையான மலச்சிக்கல்
* எழுந்திருக்க முடியாத சோர்வு
* குழப்பமான பேச்சு, தூக்க மயக்கம்
* சிறுநீரகம் பழுதாவது, இதய துடிப்பு தாறுமாறாவது

பட்டியலை திரும்ப படித்து பாருங்கள். வாந்தி, மலச்சிக்கல், சோர்வு. இதெல்லாம் கீமோதெரபி போட்டாலும் வரும். ஆர்-சாப்பில் உள்ள 'வின்கிரிஸ்டின்' மருந்தே மலச்சிக்கலை கொண்டுவரும். அதனால் வீட்டில் உள்ளவர்கள் 'ஊசி போட்டதுக்கு அப்படித்தான் இருக்கும், 2 நாள்ல சரியாயிடும்' என்று விட்டுவிடுகிறார்கள். விஷயம் முற்றிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இப்படிப்பட்ட நோயாளிக்கு வைட்டமின் 'டி' பாக்கெட் கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி. காசநோய் நெறியிலும் சிலருக்கு இதே கோளாறு வருவது உண்டு. நெறிக்கட்டிக்கு காரணம் என்னவென்று தெரியாமலே வைட்டமின் குடிக்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

60 ஆயிரம் கணக்கு

நம்ம ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் வைட்டமின் 'டி' பாக்கெட் அல்லது மாத்திரை பெரும்பாலும் 60 ஆயிரம் யூனிட். வாரத்துக்கு ஒன்று என்று சில வாரங்களுக்கு மட்டும் டாக்டர்கள் எழுதுவார்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில். அப்படி பார்த்தால் ஒரு பாக்கெட்டில் இருப்பது 100 நாள் சரக்கு!

சீட்டில் 'வாரம் ஒன்று' என்று எழுதியதை கவனிக்காமல், மற்ற மாத்திரை மாதிரி தினமும் ஒன்று போட்டால்? ஒரே மாதத்தில் 18 லட்சம் யூனிட். அதாவது 3 ஆயிரம் நாளைக்கான சரக்கு. 8 வருடத்துக்கும் மேல்! இப்படி தவறுதலாக சாப்பிட்டு கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் நம் நாட்டில் உண்டு.

இன்னும் சிலர் 6 லட்சம் யூனிட் ஊசியை போட்டுக்கொண்டு, அது போதாதென்று பாக்கெட்டும் குடிப்பார்கள். சத்து டானிக், கால்சியம் மாத்திரை, புரோட்டீன் பவுடர் இவற்றிலும் வைட்டமின் 'டி' கலந்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டி பார்த்தால்தான் மொத்தம் தெரியும்.

வைட்டமின் 'சி' அதிகமானால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். 'டி' அப்படி போகாது. கொழுப்பில் போய் தங்கிவிடும். சாப்பிடுவதை நிறுத்தினாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும்.

வெயில் காய்ந்தால் போதாதா?

'வருஷம் பூரா வெயில் கொளுத்துற ஊர்ல வைட்டமின் டி எப்படி குறையும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குறைகிறது. வீடு, பஸ், ஆபீஸ் என்று நாள் முழுக்க நிழலிலேயே இருக்கிறோம். வெளியே வந்தாலும் உடம்பை மூடித்தான் வருகிறோம். கறுப்பு தோலுக்கு வைட்டமின் தயாரிக்க கூடுதல் நேரம் வேறு பிடிக்கும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது. 'காலை இளம் வெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும்' என்பார்கள். அதிகாலை வெயிலிலும் சாயங்கால வெயிலிலும் தேவையான புற ஊதா 'பி' கதிர் மிகக்குறைவு. நமக்கு பக்கத்தில் திருப்பதியில் நடந்த ஆய்வில், பகல் 11 மணி முதல் 2 மணி வரை உள்ள வெயிலில்தான் வைட்டமின் நன்றாக உருவாகிறது என்று தெரிந்தது.

ஆனால் கீமோதெரபி போடுபவர் உச்சி வெயிலில் போய் நிற்கலாமா? ஹாட்ஜ்கின் வகைக்கு கொடுக்கும் 'டகார்பசின்', சில வகைகளுக்கு கொடுக்கும் 'மெத்தோட்ரெக்சேட்' ஆகிய மருந்துகள் தோலை வெயில் தாங்காமல் செய்துவிடும். சிவந்து, எரிந்து, கொப்பளிக்கலாம். உடம்பில் நீர் வற்றி மயக்கமும் வரலாம். எனவே எவ்வளவு நேரம் என்பதை டாக்டரிடம் கேட்டுத்தான் வெயிலுக்கு போக வேண்டும்.

சாப்பாட்டில் என்ன இருக்கிறது?

மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் சத்துள்ள மீன்களில் ஓரளவு இருக்கிறது. முட்டையில் மஞ்சள் கருவில் கொஞ்சம் உண்டு. வைட்டமின் சேர்த்த பால் பாக்கெட்டிலும் கிடைக்கும். கீரையில் இரும்பு உண்டு, கால்சியம் உண்டு. ஆனால் வைட்டமின் 'டி' கிடையாது.

கீமோதெரபி நேரத்தில் முட்டையை நன்றாக வேக வைத்துத்தான் சாப்பிட வேண்டும். ஆப்-பாயில், பச்சை முட்டை கூடாது. எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும்போது கிருமி தொற்றிவிடும்.

சாப்பாட்டால் மட்டும் பெரிய குறைபாட்டை சரிக்கட்ட முடியாது. அதே சமயம் சாப்பாட்டால் வைட்டமின் 'டி' அளவு மீறிப்போகவும் போகாது. மீன் குழம்பை பயப்படாமல் சாப்பிடலாம்.

ரிப்போர்ட்டை படிப்பது எப்படி?

வைட்டமின் 'டி' அளவை பார்க்க '25 ஹைட்ராக்சி' என்ற ரத்த பரிசோதனை செய்வார்கள். '1,25' என்று இன்னொரு சோதனையும் உண்டு. அது சிறுநீரகத்தில் மாறிய பிறகு உள்ள சரக்கின் அளவு. கால்சியம் ஏறியிருந்தால் காரணம் கண்டுபிடிக்க டாக்டர் இதை எழுதுவார். சாதாரண குறைபாட்டை பார்க்க இது உதவாது. லேப்பில் பெயர் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

25 ஹைட்ராக்சி அளவு 20-க்கு கீழே இருந்தால் குறைபாடு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். 20-க்கும் 30-க்கும் நடுவில் இருந்தால் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. இது மில்லி லிட்டருக்கு எத்தனை நானோ கிராம் என்ற கணக்கு. சில லேப்களில் 'நானோ மோல்' என்று போடுவார்கள். அந்த எண்ணை 2.5-ஆல் வகுத்தால் இந்த கணக்கு வந்துவிடும். 50 என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் 'நிறைய இருக்கு' என்று நினைக்க வேண்டாம். நானோ மோலில் 50 என்றால் நம் கணக்கில் 20தான்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

அடையாறு, ராயப்பேட்டை, வேலூர் என்று எந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தாலும், கூட்டத்தில் டாக்டரிடம் பேச கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அதனால் இவற்றை ஒரு சீட்டில் எழுதி கொண்டு போங்கள்.

1. எனக்கு வந்திருப்பது எந்த வகை லிம்போமா? வேகமானதா, மெதுவானதா?

2. ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்கிறது? வைட்டமின் 'டி' ஆரம்பிக்கும் முன் அதை பார்த்தாச்சா?

3. வைட்டமின் 'டி' மாத்திரை தினமும் போட வேண்டுமா, வாரம் ஒரு முறையா? எத்தனை வாரம்?

4. மறுபடி ரத்தம் எப்போது சோதிக்க வேண்டும்?

5. நான் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா? (ரத்த கொதிப்புக்கு 'தயாசைடு' வகை நீர் மாத்திரை, இதய நோய்க்கு 'டிகாக்சின்' சாப்பிடுபவர்கள் இதை கட்டாயம் கேட்க வேண்டும். கால்சியம் ஏறினால் இவர்களுக்கு ஆபத்து அதிகம்)

நாட்டு மருந்து, டானிக், பவுடர் என்று எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டாக்டர் திட்டுவாரே என்று மறைத்தால் கஷ்டப்படப்போவது நோயாளிதான்.

மறக்கக்கூடாதது

வைட்டமின் 'டி' குறைவாக இருந்தால் டாக்டர் சொல்லும் அளவில் சரிசெய்துகொள்ள வேண்டும். எலும்புக்கு அது நல்லது. கேன்சரையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, போட வேண்டிய ஊசியை தள்ளிப்போடுவதுதான் எல்லாவற்றையும் விட பெரிய ஆபத்து. வேகமான வகையில் ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

உங்கள் வீட்டில் லிம்போமா நோயாளி இருந்தால் இன்று ராத்திரியே ஒரு வேலை செய்யுங்கள். மாத்திரை டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் வைத்து பாருங்கள். அதில் '60 ஆயிரம்' என்று போட்ட அட்டையோ பாக்கெட்டோ இருந்தால், டாக்டர் சீட்டில் அது எழுதியிருக்கிறதா, தினமுமா வாரம் ஒன்றா என்று ஒத்துப்பாருங்கள்.

சீட்டில் இல்லாத பாக்கெட் டப்பாவில் இருந்தால், நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு போகும்போது அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். தாகம், வாந்தி, குழப்பமான பேச்சு என்று ஏதாவது இருந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். உடனே கிளம்புங்கள்.